ரீஜிஸ் பலோச்சிக் ஏற்றுக்கொண்ட பழி

கார்னெட் ரன் ஊரில் ரீஜிஸ் பலோச்சிக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், ரொம்ப வருஷங்களுக்கு, முதலில் ஒரு கனைப்புச் சத்தம்தான் வரும். அப்புறம் யாராவது, "நல்ல வேலைக்காரன்தான்" என்பார்கள். அந்தத் 'தான்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஊர் தன் தீர்ப்பை முடிந்து வைத்திருந்தது.

பென்சில்வேனியாவின் மேற்கு மலைகளில் நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஸ்லோவாக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவன் ரீஜிஸ். அப்பா ஜோ பலோச்சிக், ஊருக்கு வடக்கே இருந்த சுரங்கத்தில் இரவு ஷிப்ட். அம்மா இவன் சிறுவனாக இருக்கும்போதே காசநோயில் போய்விட்டாள். பகலெல்லாம் அப்பா தூங்குவார் என்பதால், சத்தமில்லாமல் கதவு சாத்தவும், சத்தமில்லாமல் பாத்திரம் கழுவவும் பழகிய பிள்ளை அவன். சாரணர் குழுவில் சேர்ந்தபோதும் அப்படித்தான். கூடாரம் அடிக்கும்போது எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். ரீஜிஸ் ஆப்பு அடித்து முடித்திருப்பான்.

சாரணர்களுக்குள்ளேயே ஒரு கௌரவச் சங்கம் இருந்தது. அதில் யாரும் கேட்டுச் சேர முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவிலும் பையன்கள் கூடி உட்கார்ந்து, தங்களில் யார் அடுத்தவன் சுமையைத் தூக்குகிறவன், யார் சொல்லாமலே வேலை செய்கிறவன் என்று சீட்டில் பேர் எழுதிப் போடுவார்கள். அப்படித் தேர்வானவன் ஹெம்லாக் முகாமுக்குப் போய் ஒரு சோதனை நாளைக் கடக்க வேண்டும். வெட்டவெளியில் படுத்து எழுந்து, அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, பொழுது சாயும்வரை முகாமுக்காக உடம்பு வளைந்து வேலை செய்ய வேண்டும். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதைத் தாண்டியவனுக்குத்தான் தோளில் போட்டுக்கொள்ளும் வெள்ளைப் பட்டை.

ரீஜிஸுக்கு அந்தப் பட்டை பதின்மூன்று வயதில் கிடைத்தது. பதினெட்டு வயதில் அந்த மாவட்டத்துச் சங்கத்துக்கே தலைவன் ஆனான். சங்கத்தின் வழக்கப்படி தலைவன் பையனாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் நின்று யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். மருந்துக்கடை ப்ரூபேக்கர் அப்படி யோசனை சொல்லும் பெரியவராக இருந்தார். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஜோ பலோச்சிக் சக தொழிலாளிகளிடம், "எங்க வீட்டுல ஒரு தலைவர் இருக்காரு, தெரியுமா? இன்னைக்குக் காலையில என் சட்டையத் துவைச்சுப் போட்டாரு" என்பார். அவருக்குப் பெருமையை அப்படித்தான் சொல்ல வரும்.

எமெரி கோஸ்டெல்னிக் தேர்வானது 1973 வசந்தத்தில். அவனுக்குப் பதினான்கு வயது. ஊரில் இவனைவிட வாயாடி கிடையாது. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தின்போது மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடைவெளியில் இவன் குரல் கேட்கும். ஆனால் முந்தின இலையுதிர் காலத்து மலை நடையில், கணுக்கால் பிசகிய ஒரு பையனுடைய மூட்டையையும் தன் மூட்டையையும் சேர்த்துச் சுமந்ததோடு, அவன் அழாமல் இருக்க ஒன்பது மைலும் கதை சொல்லிக்கொண்டே வந்தவன் எமெரி. பையன்கள் அதை மறக்கவில்லை. அவர்கள் போட்ட சீட்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அவன் பேர்தான் இருந்தது.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனை முகாமில் கொண்டுவந்து விட்டது அவன் அப்பா ஸ்டஷ். பெரிய உடம்பு, இடது காதில் பாதி கிடையாது, சுரங்கத்தில் போனது. லாரியிலிருந்து இறங்கி ரீஜிஸின் தோளில் கைபோட்டு, எமெரிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"தம்பி, நாளைக்கு ஒரு நாள் முழுக்க இவன் வாயத் தொறக்காம இருந்துட்டான்னா, இந்த லாரி இவனுக்கு. எழுதிக் குடுத்துடறேன்."

"அப்பா, சத்தியமா?"

"பாத்தியா, தொறந்துட்டான்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! ரீஜிஸ், நீதான் சாட்சி. இவர் சீட்டாட்டத்துலயே ஏமாத்துறவரு."

"உங்க அம்மாவக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் ஒரு நாளும் ஜெயிச்சதில்ல, இவன்கிட்ட எங்கடா ஏமாத்தறது?" ஸ்டஷ் மகனுடைய தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு லாரியில் ஏறினார். சனிக்கிழமை காலை ஷிப்டுக்கு ஓர் ஆள் குறைவு என்று அவரைக் கேட்டிருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். கூடுதல் வேலை கிடைக்கும்போது வேண்டாமென்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

சனிக்கிழமை, ஓடைக்குக் குறுக்கே ஒரு நடைபாலம் கட்டுவது வேலை. பழையதைப் பனிக்கால வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பையன்கள் ஓடைப் படுகையிலிருந்து கல் சுமந்து கரையில் அடுக்கினார்கள். எமெரி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு வேலை செய்தான். ஏதாவது சொல்லத் தோன்றும்போதெல்லாம் கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, கடைசியில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மற்ற பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டார்கள். ப்ரூபேக்கர் இன்னொரு கூட்டத்தோடு முகாமின் மறுகோடியில் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் ஆணி எடுக்க முகாம் அலுவலகத்துக்குப் போனான் ரீஜிஸ். அவன் கதவைத் திறக்கும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் எமெரியின் அம்மா வெர்னா.

"ரீஜிஸா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல மிசஸ் கோஸ்டெல்னிக். நான் மட்டும்தான்."

"காலையில சுரங்கத்துக் கூரை இடிஞ்சிடுச்சு கண்ணு. ஸ்டஷ் உள்ள இருக்காரு. அவரும் இன்னும் ரெண்டு பேரும். இடிஞ்ச இடத்துக்கு அந்தப் பக்கம். பயப்படாத, பயப்படாத." அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலிருந்தது. "உசிரோட இருக்காங்க. அந்தப் பக்கத்து போன் வேலை செய்யுது. ஆபீஸ்லேருந்து நானே பேசினேன். என்ன கேட்டாரு தெரியுமா? 'பையன் வாயத் தொறந்துட்டானா'ன்னு கேட்டாரு."

அவள் சிரித்தாள்.

"நான் இப்பவே அவனக் கூட்டிக்கிட்டு வர்றேன். முகாம் வண்டி இருக்கு. சாயங்காலத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்துடலாம்."

"வேண்டாம்."

"மிசஸ் கோஸ்டெல்னிக்..."

"வேண்டாம்னு சொல்றேன்ல! இங்க சுரங்க வாசல்ல எல்லாரும் ஜெபமாலைய வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கறாங்க. அவன் இதயெல்லாம் பாக்கக் கூடாது. என் அப்பா செத்தப்ப நான் இதே வாசல்ல ரெண்டு நாள் நின்னேன், அப்ப எனக்குப் பத்து வயசு. இன்னும் எனக்கு அந்தக் கனவு வருது." அவள் குரல் தாழ்ந்தது. "சாயங்காலத்துக்குள்ள வெளிய கொண்டாந்துடலாம்னு சொல்றாங்க. உங்க அப்பாவும் தோண்டறவங்களோடதான் இருக்காரு, வீட்டுக்கே போகல. ஸ்டஷ் வெளிய வந்ததும் நாங்க ரெண்டு பேருமே அங்க வந்து பையனக் கூட்டிக்கறோம். அதுவரைக்கும் அவன் பந்தயத்த ஜெயிக்கட்டும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

ரீஜிஸ் சுவரில் இருந்த முகாம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சத்தியம் பண்ணு ரீஜிஸ்."

"சத்தியம்."

ஆணிப் பெட்டியோடு ஓடைக்குத் திரும்பினான். எமெரி அவனைப் பார்த்ததும், எங்கே போய்த் தொலைந்தாய் என்பது போல் இடுப்பில் கைவைத்துக் காட்டினான். ரீஜிஸ் பலகையைப் பிடிக்கச் சொல்லி அவன் பக்கத்திலேயே மண்டியிட்டு ஆணி அடித்தான். பெரியவரிடம் போய்ச் சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால் ப்ரூபேக்கர் மறுநிமிஷம் பையனை வண்டியில் ஏற்றிவிடுவார். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனாலேயே போகவில்லை. சத்தியம் என்றால் சத்தியம் என்று அந்தப் பதினெட்டு வயதில் அவன் நம்பினான். அதோடு, அவள் சொன்னது நடக்கும் என்றும் நம்பினான். சுரங்கத்து ஊரில் பாதிக் கதைகள் அப்படித்தான் முடியும்: ஆள் கறுப்பாக வெளியே வந்து பீர் கேட்பான்.

நடுவில் ஒருமுறை தாங்க முடியாமல் மறுபடி அலுவலகத்துக்கு ஓடினான். சுரங்கத்து அலுவலக எண்ணைச் சுழற்றினான். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சுழற்றினான். கிடைக்கவே இல்லை. வண்டிச் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தான். ஓடைப் பக்கம் பையன்கள் பெரிய மரத்துண்டு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எமெரி சத்தம் வராமல் வாயசைத்து எல்லோருக்கும் தாளம் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று நினைத்தான் ரீஜிஸ். சாவியை மறுபடி மாட்டினான்.

வெர்னாவிடம் செய்த சத்தியம் அவளுடைய பொறுப்பு. சாவியைத் திரும்ப மாட்டியது தன்னுடையது. பிற்காலத்தில் இந்தக் கணக்கை அவன் ஒருபோதும் குழப்பிக்கொண்டதில்லை.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது வெர்னாவின் தம்பி. அவன் இறங்கவில்லை. வெர்னா மட்டும் இறங்கி, சமையலறை மேலங்கியைக்கூடக் கழற்றாமல், சரிவில் மெதுவாக வந்தாள். பாலம் முடிந்திருந்தது. எமெரி ஓடையில் கை கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டி, நெஞ்சில் தட்டிக்கொண்டான். பார், நான் பேசவே இல்லை.

அப்புறம்தான் அவள் முகத்தைக் கவனித்தான்.

வெர்னா அவனைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள். சாயங்காலம் இரண்டாவது முறையாகக் கூரை இறங்கியிருந்தது. மூன்று பேருமே போய்விட்டார்கள். மற்ற பையன்கள் ஈரக் கையோடு அப்படியே நின்றார்கள். எமெரி பேசியபோது குரல் கரகரத்தது, காலையிலிருந்து அதை உபயோகிக்காததால்.

"எப்ப?"

"இப்பதான்... சாயங்காலம்."

"எப்ப மாட்டிக்கிட்டாரு?"

"காலையில."

"காலையிலயா?" அவன் அம்மாவை விட்டு விலகி நின்றான். "காலையிலேருந்தா? எனக்கு ஏன் யாரும் சொல்லல? இங்க போன் இருக்குல்ல?" அவன் கண்கள் சுற்றி வந்து ரீஜிஸின் மேல் நின்றன. "உனக்குத் தெரியுமா?"

ரீஜிஸ் வெர்னாவைப் பார்த்தான். வெர்னா தரையைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவன் கண்டது, காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிய ஒரு பெண். இனி அவளுக்கு உலகத்தில் இந்தப் பையன் ஒருவன்தான்.

"தெரியும்," என்றான் ரீஜிஸ். "மத்தியானமே போன் வந்துச்சு. உங்க அம்மா சொல்லச் சொன்னாங்க. நான்தான் வேலை முடியட்டும்னு இருந்துட்டேன்."

யாரும் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வெர்னா தலையை நிமிர்த்தினாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் கோஸ்டெல்னிக் வீட்டுக்குப் போயிருந்தான் ரீஜிஸ், பின்வாசல் வழியாக, நாற்காலிகள் கொண்டுபோய்க் கொடுக்க. வெர்னா சமையலறையில் தனியாக இருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"தெரியல மிசஸ் கோஸ்டெல்னிக்."

"நானே அவன்கிட்ட சொல்லிடணும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி பக்கத்துல போய் உக்காந்தேன். 'அம்மா, நீயாவது எனக்கு இருக்கியே'ன்னான். எப்படிச் சொல்லுவேன்?" அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும் கண்ணு. கொஞ்ச நாள். அப்புறம் நானே சொல்லிடறேன்."

"சரி."

மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பும்போது, செத்துப்போன இன்னொரு தொழிலாளியின் மனைவி, ஆறுதல் சொல்வதாக நினைத்து எமெரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க அப்பா கடைசியா உன்னத்தான் கேட்டாருடா. சாயங்காலம் போன்ல 'பையன் வந்துட்டானா, ஒரு வார்த்தை பேசணும்'னாரு. 'வந்துக்கிட்டே இருக்கான்'னு உங்க அம்மா சொன்னா. பாவம், சந்தோஷப்பட்டாரு."

எமெரி நேரே தேவாலயப் படிக்கட்டுக்குப் போனான். அங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்த ரீஜிஸை முகத்தில் குத்தினான். ரீஜிஸ் தடுக்கவில்லை. மறுபடி குத்தினான். பெரியவர்கள் வந்து இழுத்துப் பிடித்தபோது எமெரி கத்தினான்:

"பாலமாடா முக்கியம்? உனக்குப் பாலமாடா முக்கியம்?"

ஊர் முழுக்க அதைக் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். பெற்றோர்கள் பிள்ளைகளைச் சங்கத்திலிருந்து விலக்கினார்கள். 'சடங்குதான் பெரிசாப் போச்சு அவனுகளுக்கு' என்று கடைத்தெருவில் பேச்சு. ப்ரூபேக்கர் மட்டும் மருந்துக்கடைக்குப் பின்னால் அவனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்: "எனக்கு உன்னத் தெரியும் ரீஜிஸ். இது நீ பண்ற காரியம் இல்ல. என்னதான் நடந்துச்சு?" அவன், "நான் சொன்னதுதான் சார்" என்றான். இலையுதிர் காலத்துக் கூட்டத்தில் எழுந்து தலைவர் பதவியை விட்டு விலகினான். ஒருத்தனும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது அப்பாதான். ஜோ பலோச்சிக் அந்தச் சனிக்கிழமை முழுக்க இடிந்த கரிக்கு நடுவே குனிந்து தோண்டியவர். இரண்டாம் முறை கூரை இறங்கியபோது நூலிழையில் தப்பினார். ஒரு வாரம் மகனோடு பேசவே இல்லை. அப்புறம் பேசியது ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

"நான் அந்தாளு குரலக் கேட்டேன்டா. கல்லுக்கு அந்தப் பக்கத்துலேருந்து. 'ஜோ, என் பையன் வந்துட்டானா பாரு'ன்னாரு. 'இரு ஸ்டஷ், வந்துடுவான்'னு நான் சொன்னேன். நீ அங்க ஆணி அடிச்சுக்கிட்டு இருந்திருக்க."

"அப்பா..."

"ஒரு சுரங்கத்தான் பெத்த பிள்ளைடா நீ. உன் சங்கத்துல இதத்தான் கத்துக்குடுத்தாங்களா?"

சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். ஆனால் ஜோ பலோச்சிக் விஷயத்தை மனசுக்குள் பூட்டுகிற ஆள் இல்லை. ஷிப்ட் முடிவதற்குள் வெர்னாவின் பேர் சுரங்கம் முழுக்கப் போயிருக்கும். கொஞ்ச நாள்தானே, அவளே சொல்லிவிடுவாள் என்று ரீஜிஸ் பொறுத்தான். சக தொழிலாளிகளிடம் வீட்டுத் தலைவரைப் பற்றிச் சொல்வதை அப்பா அன்றோடு விட்டார்.

கொஞ்ச நாள் வருஷங்களானது. வனவியல் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, போகவில்லை. ஊராட்சியின் சாலை வேலையில் சேர்ந்தான். கோடையில் தார், குளிரில் பனி தள்ளுவது. முப்பது வயதில் பக்கத்து ஊர் டெலோரஸைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளிடம் மட்டும் ஒருநாள் முழுவதையும் சொன்னான். அவளுக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த முட்டைக்கோஸ் கருகிப்போனது.

"இப்பவே போய் அந்தப் பொம்பளையக் கேக்கறேன். ஊரே உன்னத் துப்புது, அவ மகராசி மாதிரி முதல் பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்றா!"

"வேண்டாம் டெலோரஸ்."

"என்ன வேண்டாம்? உனக்கு முதுகெலும்பு இருக்கா இல்லையா?"

"அவ சொல்லுவா. சொல்றேன்னு சொல்லியிருக்கா."

வெர்னா சொன்னதாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் அவள் வீட்டு வாசல் பனியை ரீஜிஸ் வழித்துவிடுவான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவன் லாரி சீட்டில், மெழுகுத்தாளில் சுற்றிய வால்நட் ரொட்டி ஒன்று இருக்கும். பேச்சு கிடையாது. எமெரி கடற்படைக்குப் போய், பிறகு டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்று வேலையில் தங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு அவன் வருகிற வாரத்தில் மட்டும் ரீஜிஸ் அந்தத் தெருவுக்கு வேறு ஆளை அனுப்புவான். ஒருமுறை பெட்ரோல் பங்கில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். எமெரி தரையில் காறித் துப்பிவிட்டுக் காரில் ஏறினான்.

ஜோ பலோச்சிக்குக்குக் கரித்தூசி நுரையீரல் முழுக்க இறங்கிவிட்டது. கடைசி இரண்டு வருஷம் ஆக்சிஜன் குழாயோடு மகன் வீட்டு முன்னறையில்தான் கிடந்தார். டெலோரஸ் சோறூட்டினாள், ரீஜிஸ் குளிப்பாட்டினான். அப்பா நன்றாகத்தான் பேசினார்: பேஸ்பால், வானிலை, அக்கம்பக்கம். ஆனால் சுரங்கத்துப் பேச்சு வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு மதியம் முதுகு துடைத்துவிடும்போது, அவராகவே சொன்னார்:

"நீ நல்ல பிள்ளைதான்டா. அந்த ஒண்ண மட்டும் நீ பண்ணாம இருந்திருக்கலாம்."

ரீஜிஸின் கை அப்படியே நின்றது. இப்போது சொன்னால் இவர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்? மூச்சே இல்லாதவர். வாய்வரை வந்தது. ஆனால் சாகப்போகிறவரிடம் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இன்னொருத்தியைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு வீம்பு குறுக்கே வந்தது. துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தான். அந்த மாதமே அவர் போய்விட்டார். அது 1988.

வெர்னா எட்டு வருஷம் கழித்து, பக்கவாதத்தில் படுத்து, பேச்சில்லாமல் இறந்தாள். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ரீஜிஸ் உள்ளே வரவில்லை. வெளியே வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். எமெரி ஒரு காகிதத் தட்டில் பியரோகிக் கொழுக்கட்டைகளோடு படியேறி வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அப்பாவின் அதே பெரிய தோள். தட்டை ரீஜிஸின் லாரி மேல் வைத்துவிட்டு, நேராகப் பார்க்காமல் நின்றான்.

"நீ ஒண்ணும் சாப்பிடலன்னாங்க."

"பரவால்ல."

"அம்மா என்கிட்ட சொல்லிட்டாங்க ரீஜிஸ்."

அந்தச் சொல்லுக்காகத்தானே ரீஜிஸ் இத்தனை காலமும் காத்திருந்தான். "எப்ப? படுக்கறதுக்கு முன்னாடியா?"

"இல்ல." எமெரி பூட்ஸ் முனையால் ஜல்லியைத் தள்ளினான். "எழுபத்தொன்பதுல. நான் கடற்படையிலேருந்து லீவுல வந்திருந்தேன். அழுது அழுது சொன்னாங்க."

"எழுபத்தொன்பதுலயா?"

"மறுநாளே உன்கிட்ட வந்து சொல்றேன், ஊருக்கெல்லாம் சொல்றேன்னாங்க. நான்தான் விடல. சொன்னா இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னேன்."

"ஏன் எமெரி?"

"யாரையாவது வெறுக்கணும்ல? எங்க அப்பா போன்ல என்னக் கூப்பிட்டுக்கிட்டே செத்தாரு. நான் ஓடையில கல்லு தூக்கிக்கிட்டுக் கோமாளித்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன். அம்மாவ வெறுக்க முடியுமா? எனக்கு அவங்கதான் இருந்தாங்க. நீ அங்க நின்ன. நீயே 'நான்தான்'னு சொன்ன. அத விட்டா எனக்கு வேற என்ன இருந்துச்சு?" கொஞ்சம் நிறுத்தி, "பெட்ரோல் பங்குல துப்பினேன் பாரு, அப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் துப்பினேன்."

கீழ்த்தளத்தில் யாரோ கிண்ணங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. ரீஜிஸ் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க அப்பா எண்பத்தெட்டுலதான் போனாரு," என்றான்.

எமெரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. ரீஜிஸின் தோளைத் தொடக் கையைத் தூக்கி, தொடலாமா என்று தெரியாமல் கீழே போட்டான்.

"ரீஜிஸ், நான்..."

"உள்ள போ. உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

வீட்டுக்குப் போனான். டெலோரஸ் தேவாலய உடையிலேயே சமையலறையில் நின்று, "எமெரி உன்கிட்ட என்ன பேசினான்? எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க" என்று கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான். 'அப்பா' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது பார்த்திராத டெலோரஸ், என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

எமெரி கிளம்புவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனான். குரல் உடைந்தாலும் முழுக்கச் சொன்னான். அன்று ரீஜிஸ் பூசைக்கு வரவில்லை. அந்த வாரம் அவன் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கேக், சூப், வெட்கப்பட்ட முகங்கள். கிழவர் ப்ரூபேக்கர் கைத்தடியோடு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ரீஜிஸ் காபி கொடுத்தான். அவர்களில் யார்மேலும் அவனுக்குக் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் அவர்களில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் டெக்சாஸிலிருந்து போன் வந்தது. எமெரிதான். வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு இழுத்தான்.

"என் பையன் அவன் தாத்தாவப் பத்திக் கேக்கறான். எனக்கு அவர் முகமே சரியா ஞாபகம் வர மாட்டேங்குது. அந்தக் கடைசி நாள் மட்டுந்தான் வருது. உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

ரீஜிஸ் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஸ்டஷ் கோஸ்டெல்னிக் தேவாலயத் திருவிழாவில் பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடியதைச் சொன்னான். பாதிக் காதைக் காட்டிச் சின்னப் பிள்ளைகளிடம் மீதியைக் கரடி தின்றுவிட்டது என்று புளுகியதைச் சொன்னான். அந்த முனையில் எமெரி முதலில் சிரித்தான், பிறகு அழுதான், பிறகு இன்னும் சொல்லு என்றான். ரீஜிஸ் சொல்லிக்கொண்டே இருந்தான். ரீஜிஸின் அப்பாவைப் பற்றி எமெரி எதுவும் கேட்கவில்லை, ரீஜிஸும் சொல்லவில்லை.